இதயமும் செம்மருந்தும்



இத்தாலி நாட்டின் படம் முழங்கால் வரை அணியும் காலணி போல் இருக்கும் என்பதைப் பூகோள வகுப்பில் கண்டிருப்பீர்கள். அக்காலணியின் குதிகாலும் அதற்கு மேலுள்ள நிலப்பகுதியும் சேர்ந்ததுதான் அபுலியா மாநிலம். அங்கே ஒரு குன்றின்மேல் காஸ்டல் டெல் மான்ட்டே என்னும் கோட்டை நிற்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடரிக் என்னும் பேரரசன் கட்டுவித்த அக்கோட்டைக்கு எட்டுப் பக்கம். மூலைக்கொன்றாக எட்டுக் கோபுரம். ஒவ்வொரு கோபுரத்திற்கும் மீண்டும் எட்டுப் பக்கம். கணித ஆசிரியர் எவரும் கண்டால் மகிழ்ந்து போவார். ஆனால் நான் இன்று கூற வந்தது கோட்டையைப் பற்றி அன்று. அதன் அருகிலிருந்து 1950-களில் எடுக்கப்பட்ட ஒரு பிடி மண்ணைப் பற்றியது.

அக்காலத்தில் மருந்து தேடுவோர் மண்ணைத்தான் தேடினர். 1943-இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்து, காசநோய்க்கு முதன்முதலாக நல்ல மருந்தொன்று உண்டாயிற்று. அது முதல் உலகெங்கும் மண்ணை அள்ளி வந்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்து, அவை எதையேனும் சுரக்கின்றனவா என்று பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. மிலான் நகரத்து ஃபார்மிட்டாலியா என்னும் மருந்து நிறுவனத்தார் அபுலியா மண்ணில் கண்ட நுண்ணுயிர் ஒன்று செக்கச் சிவந்த சாயத்தைச் சுரந்தது. அச்சாயம் புற்றுநோய் அணுக்களைக் கொன்றது. அப்பகுதியில் ரோமானியருக்கு முன் வாழ்ந்த டௌனி என்னும் குடியினர் பெயரையும், மாணிக்கக் கல்லைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் இணைத்து அதற்கு டௌனோரூபிசின் எனப் பெயரிட்டனர். பின்னர் அந்நுண்ணுயிரைச் சற்றே திரித்து வளர்த்தபோது அதனினும் ஆற்றல் மிக்க ஒரு மருந்து கிடைத்தது. அதைப் பற்றிய கட்டுரை 1969-இல் வெளிவந்தது. அருகிலுள்ள ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதனை ஏட்ரியாமைசின் என்றனர். டாக்ஸோரூபிசின் என்பது அதன் பொதுப்பெயர். 1974-இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றுக்கொண்டது.

இன்றளவும் அது கைவிடப்படவில்லை. மார்பகப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், குழந்தைகளுக்கு வரும் எலும்புப் புற்றுநோய் முதலியவற்றிற்கு அதுவே முன்னணி மருந்துகளில் ஒன்று. இரத்தப் புற்றுநோய்க்கு அதன் உடன்பிறப்பாகிய டௌனோரூபிசின் பயன்படுகின்றது. நரம்பு வழியாக அது உடலில் ஏறும்போது செம்பருத்திச் சாறு ஏறுவது போல் இருக்கும். மேனாட்டு நோயாளிகள் அதனைச் சிவப்புப் பேய் என்று அழைப்பதுண்டு. முடி கொட்டுவதும் வாந்தியும் வாய்ப்புண்ணும் அப்பெயருக்குக் காரணம். இவை மாதங்களில் நீங்கிவிடும். நீங்காத கேடு ஒன்று உண்டு. அது இதயத்திற்கு நேர்வது.

இதயம் ஏன் கெடவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவது. புற்றுநோய் அணு விரைந்து பெருகுகின்றது, ஆகையால் மாள்கின்றது. மயிர்க்காலின் அணுவும் விரைந்து பெருகுகின்றது; ஆகையால் முடி உதிர்கின்றது. இதயத் தசையின் அணுவோ பெரும்பாலும் பெருகுவதே இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரிவது ஒன்றே அதற்குத் தொழில். இக்கணக்கின்படி இதயம் தப்பியிருக்க வேண்டும். ஆனால் தப்பவில்லை. 1960-களின் பிற்பகுதியிலேயே டௌனோரூபிசின் பெற்ற குழந்தைகள் சிலர் நோய் தணிந்த நிலையில் இதயம் ஓய்ந்து இறந்ததை மருத்துவர் கண்டு திடுக்கிட்டனர். 1979-இல் வான் ஹாஃப் என்பவரும் தோழரும் டாக்ஸோரூபிசின் பெற்ற 4,018 பேருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 88 பேருக்கு இதயம் தளர்ந்திருந்தது. நூற்றுக்கு இரண்டு பேர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மருந்தின் மொத்த அளவு ஏற ஏற இக்கேடும் ஏறியது. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் பெற்றவர்களில் நூற்றுக்கு 3 பேர். 550 பெற்றவர்களில் 7 பேர். 700 பெற்றவர்களில் 18 பேர். 2003-இல் வேறொரு குழுவினர் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டபோது இவ்வெண்கள் முறையே 5, 26, 48 என்று வந்தன. மருந்தின் வரம்பு கீழே இறங்கியது.

அதோடும் முடியவில்லை. 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்த 115 குழந்தைகளின் இதயத்தை, சிகிச்சை முடிந்து ஓராண்டு முதல் பதினைந்து ஆண்டு சென்றபின் சோதித்தனர். பாதிக்கு மேற்பட்டோர்க்கு, அதாவது நூற்றுக்கு 57 பேருக்கு, இதயத்தின் சுருங்கும் ஆற்றலிலோ அது தாங்கும் சுமையிலோ குறை காணப்பட்டது. நோயை வென்று பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகள் இவர்கள். அவர்களுடைய வயதில் உள்ள உங்களிடம் இதனைச் சொல்ல எனக்கே சிறிது தயக்கமாக இருக்கின்றது.

இனிக் காரணத்திற்கு வருவோம். இரும்பு துருப்பிடிப்பதும், பழைய எண்ணெயில் பொரித்த முறுக்கு நாளானால் சிக்கு வாடை வீசுவதும் ஆக்ஸிஜன் செய்யும் வேலை. நாங்கள் சிறுவராக இருந்தபோது பெரியவர்கள் பிராணவாயு என்பார்கள். பிராணனைத் தரும் அதே வாயு பொருள்களை அரிக்கவும் செய்யும் என்பது எனக்கு அப்போது பெரிய வியப்பு. எண்ணெய்களில் நல்லெண்ணெய் மட்டும் எளிதில் சிக்கு வாடை கொள்ளாமல் நெடுநாள் நிற்பதை நம் பாட்டிமார் அறிவர். ஊறுகாய்க்கு அதனையே ஊற்றினர். எள்ளில் செசமோலின், செசமால் என்னும் பொருள்கள் உண்டு. ஆக்ஸிஜன் எண்ணெயைத் தாக்க வரும்போது அவை முன்வந்து அத்தாக்குதலை ஏற்று ஒடுக்கிவிடுகின்றன. இத்தகைய பொருள்களையே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம். வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

டாக்ஸோரூபிசினின் மூலக்கூற்றில் குயினோன் எனப்படும் பகுதி ஒன்று இருக்கின்றது. அது அணுவினுள் ஓர் எலெக்ட்ரானைப் பெற்று, அருகிலுள்ள ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிட்டு, தான் பழைய நிலைக்குத் திரும்பி, மீண்டும் ஓர் எலெக்ட்ரானைப் பெறச் செல்கின்றது. கவலைக் கிணற்றில் சால் இறங்கி நீரை மொண்டு, மேலே வந்து வாய்க்காலில் கொட்டி, மறுபடி வெறுஞ்சாலாக இறங்குவதைச் சிற்றூர்ப் பெரியோர் பார்த்திருப்பர். சால் தேய்வதில்லை, வாய்க்கால் மட்டும் நிரம்புகின்றது. அதுபோல, ஒரே மருந்து மூலக்கூறு பன்முறை சுழன்று, சூப்பராக்ஸைடு என்னும் கொடிய பொருளைப் பெருக்குகின்றது. அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாறும். அங்கே இரும்பும் இருந்துவிட்டால் அதனினும் கொடிய ஹைட்ராக்ஸில் என்னும் துணுக்குத் தோன்றும். துணையிழந்த எலெக்ட்ரானைச் சுமந்த அத்துணுக்கு, எதிர்ப்பட்ட எதனையும் தாக்கும். அணுவின் கொழுப்புறையைச் சிதைக்கும்.

இதயத் தசையணுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியா என்னும் ஆற்றல் உலைகள் நிறைத்திருக்கின்றன. எலெக்ட்ரான் தட்டில்லாமல் கிடைக்கும் இடம் அதுதான். ஹைட்ரஜன் பெராக்ஸைடை நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடும் காட்டலேஸ் என்னும் நொதி கல்லீரலில் மிகுதி; இதயத்திலோ மிகக் குறைவு. தீ மூள விறகு மிகுந்த வீட்டில் குடத்தில் தண்ணீர் இல்லாத நிலை. இதயம் மட்டும் தனியே ஏன் கெடுகின்றது என்பதற்கு இதைவிட அழகான விளக்கம் வேண்டுமா? மாணவர்க்கு நடத்தினால் ஒரே மணி நேரத்தில் கரும்பலகையில் போட்டு முடித்துவிடலாம்.

அப்படித்தான் ஆராய்ச்சியாளரும் எண்ணினர். 1977-இல் அமெரிக்காவில் மையர்ஸ் என்பவரும் தோழரும் சுண்டெலிகளுக்கு முதலில் வைட்டமின் ஈ கொடுத்துப் பின்னர் டாக்ஸோரூபிசினைச் செலுத்தினர். எலிகளின் இதயம் பெரிதும் காப்பாற்றப்பட்டது. புற்றுநோய்க் கட்டியின்மேல் மருந்தின் வேலையும் கெடவில்லை. 1981-இல் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மற்றொரு தடுப்பானும் எலிகளைக் காத்தது.

இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைக் கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரத்த அழுத்தமும் உண்டு. டாக்ஸோரூபிசின் நான்கு முறை ஏற்றவேண்டும் என்று மருத்துவர் கூறினார். நானோ முப்பத்து நான்கு ஆண்டு அறிவியல் கற்பித்தவன். இரண்டே நாளில், நான் மேலே கூறிய விளக்கம் முழுவதையும் படித்துத் தேர்ந்துவிட்டேன். மருந்துக் கடைக்குச் சென்று மஞ்சள் மணி போன்ற வைட்டமின் ஈ குளிகைகள் நான்கு அட்டை வாங்கினேன். பலசரக்குக் கடையில் சாமான் வாங்குவது போல் எளிதாகக் கிடைத்தன. "இதை நாளும் இரண்டு விழுங்கு, இதயத்திற்குக் கவசம்" என்று தங்கையிடம் கொடுத்தேன். அண்ணன் சொன்னால் மறுக்காதவள் அவள். இருபது நாள் விழுங்கினாள்.

இரண்டாம் முறை மருந்து ஏற்றச் சென்றபோது, "வீட்டில் வேறு ஏதேனும் மாத்திரை உண்பதுண்டா?" என்று இளம் மருத்துவ அம்மையார் கேட்டார். தங்கை உள்ளபடி கூறினாள். அவர் என்னை அழைத்து அமரச் செய்தார். நான் சற்றுப் பெருமிதத்தோடு குயினோன், சூப்பராக்ஸைடு, காட்டலேஸ் என்று தொடங்கினேன். அவர் இடைமறிக்கவில்லை, முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஐயா, தாங்கள் சொன்ன வேதியியல் எல்லாம் சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். வைட்டமின் ஈ காத்தது எலியையா, மனிதரையா?" என்றார்.

நான் விடை கூற இயலாமல் உட்கார்ந்திருந்தேன். என் மாணவர் எத்தனை பேரை நான் இவ்வாறு உட்கார வைத்திருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நான் படித்தது எலிச் சோதனையோடு நின்றுவிட்டது. மேலே படிக்க எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் எனக்கு வேண்டிய விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

அம்மையார் எஞ்சியதைக் கூறினார். பின்னர் நானும் தேடிப் படித்தேன். 1980-இல் முயல்களுக்கு மாதக்கணக்கில் சிறுகச் சிறுக மருந்து கொடுத்துப் பார்த்தபோது வைட்டமின் ஈ காக்கவில்லை. 1982-இல் நோயாளிகளுக்கு மிகுந்த அளவில் கொடுத்துப் பார்த்தனர். அப்போதும் இதயம் கெட்டது. 1983-இல் என்-அசிட்டைல்சிஸ்டீனை மையர்ஸ் குழுவினரே நோயாளிகளில் சோதித்தனர். சீட்டுக் குலுக்கியது போல் ஒரு சாரார்க்குக் கொடுத்து, மறு சாரார்க்குக் கொடாமல் ஒப்பிட்ட நேர்மையான சோதனை அது. இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. எலியில் வென்றவர்களே மனிதரில் தோற்றதை வெளியிட்டனர். இதனை நான் மிக உயர்ந்த செயலாகக் கருதுகிறேன்.

எலியில் பலித்தது ஏன் மனிதரில் பலிக்கவில்லை? எலிக்கு ஒரே முறையில் பெரும் அளவு மருந்து செலுத்தினர். அது சில நாளில் தோன்றும் கடுங்கேடு. மனிதருக்கோ பல மாதம் தவணை தவணையாக ஏறுகின்றது. கேடு ஆண்டுகள் சென்று தலைகாட்டுகின்றது. இரண்டும் ஒரே நோய் என்று எண்ணியதே பிழை போலும்.

இக்கதையில் ஒரு மருந்து மட்டும் வென்றது. அதன் வரலாறு சுவையானது. இலண்டன் நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தில் 1960-களில் கிரைட்டன் என்னும் வேதியியலார், ஈ.டி.டி.ஏ. என்னும் பொருளை ஒட்டிச் சில புதிய பொருள்களை ஆக்கினார். ஈ.டி.டி.ஏ. உலோகங்களை நண்டின் கொடுக்குப் போல் கவ்விக்கொள்வது. அவ்வாறு கவ்வுவதைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லே கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். புற்றுநோய்க்கு அம்மக்கள் இட்ட பெயரும் நண்டு என்பதே என்பது ஒரு விந்தை. ஈ.டி.டி.ஏ.-வால் அணுவின் உறையைக் கடந்து உள்ளே புக முடியாது. ஆகவே உள்ளே புகுந்தபின் கொடுக்கை விரிக்குமாறு அதற்கு ஒரு முகமூடி அணிவித்தார் அவர். புற்றுநோயைக் கொல்லுமென்று நம்பியே அதனைச் செய்தார். அத்துறையில் அது பெரும்புகழ் பெறவில்லை. ஆனால் 1970-களில் யூஜீன் ஹெர்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இவ்வினப் பொருளை முன்னதாகக் கொடுத்தால் டௌனோரூபிசின் விலங்குகளின் இதயத்தைக் கெடுப்பது குறைவதைக் கண்டார். 1985-இல் அவர் பீகிள் வகை நாய்களில் ஒரு போட்டியே நடத்தினார். ஒரு பக்கம் என்-அசிட்டைல்சிஸ்டீன். மறு பக்கம் இந்த முகமூடி மருந்து. மாதக்கணக்கில் மருந்து ஏற்றியபின் நாய்களின் இதயத்தைப் பார்த்தபோது, முன்னது காக்கவில்லை, பின்னது காத்தது. 1988-இல் நியூயார்க்கில் முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 92 பெண்களிடையே நடந்த சோதனையிலும் அது இதயத்தைக் காத்தது. 1995-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. டெக்ஸ்ராஸோக்ஸேன் என்பது அதன் பெயர்.

காரணமும் உடனே கூறப்பட்டது. இரும்பைக் கவ்விவிடுகின்றது, இரும்பு இல்லையேல் ஹைட்ராக்ஸில் துணுக்கு இல்லை, ஆகையால் இதயம் பிழைத்தது என்றனர். பழைய கரும்பலகை விளக்கத்தோடு அழகாகப் பொருந்தியது. பாட நூல்களில் ஏறிவிட்டது.

ஆனால் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இரும்பைக் கவ்வுவதில் வல்ல டெஃபராசிராக்ஸ் என்னும் வேறொரு மருந்தைச் சோதித்தபோது அது இதயத் தசையணுக்களைக் காக்கவில்லை. இரும்புதான் காரணமென்றால் வல்ல கொடுக்கு ஏன் தோற்கவேண்டும்?

அதற்கு விடை தேட நம் மரபிழையின் அமைப்பை நினைவிற்குக் கொண்டுவாருங்கள். டி.என்.ஏ. என்னும் அந்த நீண்ட இழை அணுவினுள் நூற்கண்டு போல் சுற்றியிருக்கின்றது. படிக்கும்போதும் பகுக்கும்போதும் அது சிக்கிக்கொள்ளும். சிக்கெடுக்க டோப்போஐசோமரேஸ் என்னும் நொதி உண்டு. அது இழையை ஓரிடத்தில் வெட்டி, மற்றோர் இழையை அவ்வெட்டின் வழியே விட்டு, வெட்டியதை மீண்டும் ஒட்டிவிடும். டாக்ஸோரூபிசின் செய்வது யாதெனில், வெட்டியபின் ஒட்டவிடாமல் அந்நொதியை அப்படியே பிடித்துக்கொள்வது. இழை அறுந்த அணு மாள்கின்றது. இந்நொதியின் இரண்டாம் வகையில் ஆல்ஃபா, பீட்டா என்று இரு உடன்பிறப்புகள் உண்டு. ஆல்ஃபா, பெருகும் அணுக்களில் மிகுதி. புற்றுநோய் அணுவில் மருந்து பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான். பெருகாத இதயத் தசையணுவில் ஆல்ஃபா இல்லை, பீட்டா இருக்கின்றது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் சில ஆராய்ச்சியாளர், இதயத் தசையணுவில் மட்டும் பீட்டா இல்லாத எலிகளை உருவாக்கினர். அவற்றுக்கு டாக்ஸோரூபிசின் கொடுத்தபோது இதயம் கெடாமல் நின்றது. 2012-இல் இது வெளியாயிற்று. அவர்கள் கூறுவது இது: மருந்து முதலில் பீட்டாவைப் பிடித்து இழையை அறுக்கின்றது, அதனால் மைட்டோகாண்ட்ரியாவை ஆக்கவும் ஆக்ஸிஜன் துணுக்குகளை அடக்கவும் வேண்டிய மரபுக் கட்டளைகள் நின்றுபோகின்றன, அதன் பின்னரே துணுக்குகள் பெருகுகின்றன. டெக்ஸ்ராஸோக்ஸேனோ, இந்த பீட்டா நொதியை முன்னதாகவே மறைந்துபோகச் செய்கின்றது என்று 2007-இல் வேறொரு குழுவினர் காட்டியிருந்தனர். முகமூடி மருந்து காத்தது கொடுக்கினால் அன்று போலும்!

எனவே, நாம் தீயென்று எண்ணி நீர் ஊற்றியது பெரும்பகுதி புகையின்மேல்தான் ஆகலாம். ஆகலாம் என்றே கூறுகிறேன்; ஏனெனில் 2014-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மருந்து பெற்ற இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு மிகுதியாகச் சேர்வதைக் காட்டியது. விவாதம் இன்னும் ஓயவில்லை. டெக்ஸ்ராஸோக்ஸேனுக்கும் குறை உண்டு. பிள்ளைகளுக்கு அதனால் வேறு புற்றுநோய் பின்னாளில் வரக்கூடும் என்னும் ஐயம் எழுந்து, 2011-இல் ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு அதனைத் தடை செய்தனர். 2017-இல் மிகுந்த அளவு மருந்து பெறும் குழந்தைகளுக்கு மட்டும் தடையை நீக்கினர்.

"பயனில்லையானால் போகட்டும், வைட்டமின்தானே, கேடு என்ன?" என்று நானும் அம்மையாரிடம் கேட்டேன். தோற்ற மாணவன் கடைசியாகக் கேட்கும் கேள்வி அது. அதற்கு அவர் கூறிய விடைதான் என்னை உறங்கவொட்டாமல் செய்தது. இதயத்திற்குக் கவசமாவது புற்றுநோய் அணுவுக்கும் கவசமாகலாம் அன்றோ என்றார். குளிகை விழுங்கப்பட்டால் இரத்தத்தில் கலந்து எங்கும் செல்லும். "இது இதயம், இது கட்டி" என்று அது பார்ப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து பெற்ற 1,134 பேரிடம், அவர்கள் தாமாக உண்ட வைட்டமின்களைப் பற்றி விசாரித்த ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்களை உண்டவர்க்கு, நோய் திரும்பும் வாய்ப்பு மற்றவரினும் நூற்றுக்கு 41 பங்கு மிகுதியாகக் காணப்பட்டது. அவ்வாறு உண்டவர் தொகை சிறிது. ஆகவே இது தற்செயலாக நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதை ஆய்வாளரே ஒப்புக்கொள்கின்றனர். ஆனால் தற்செயல் என்று துணிந்து என் தங்கையின் உயிரைப் பணயம் வைக்க நான் யார்?

இதற்கு முன்பே எச்சரிக்கை வந்ததுண்டு. ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் பல்லாண்டு நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்னும் தடுப்பானை நாளும் உண்டவர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தனர். குறையவில்லை, நூற்றுக்கு 18 பங்கு மிகுந்தது. நன்மை செய்யும் என்று உறுதியாக நம்பி உலகமே உண்ட பொருள் அது.

பிற வழிகளையும் ஒரு சொல்லில் கூறிவிடுகிறேன். இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கும் கார்வெடிலால் என்னும் மருந்துக்கு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் குணமும் உண்டு. பிரேசில் நாட்டில் 200 பெண்களிடையே செய்த சோதனை 2018-இல் வெளிவந்தபோது, இதயம் இரத்தத்தை வெளியேற்றும் ஆற்றல் குறைவதை அது தடுக்கவில்லை என்றும், தசை சிதைவதைக் காட்டும் ட்ரோப்போனின் என்னும் பொருளை மட்டும் குறைத்தது என்றும் தெரிந்தது. கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டாடின், நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட 300 பேரிடையே நல்ல பயன் தந்ததாக 2023-இல் அறிவித்தனர். மார்பகப் புற்றுநோய் கொண்டவரிடம் ஓராண்டு முன்னர் முடிந்த சோதனையிலோ அம்மருந்தினத்தால் பயன் தெரியவில்லை. மருந்தைக் கொழுப்புக் குமிழிகளுள் அடைத்துச் செலுத்துவதும், சில நிமிடத்தில் செலுத்துவதை இரண்டு மூன்று நாளாக மெல்ல மெல்லச் செலுத்துவதும் இதயத்தின் சுமையைக் குறைக்கும் வழிகள்.

எல்லாவற்றிலும் எளிய காவல், கணக்கு வைத்தல். என் தங்கைக்கு ஒரு முறைக்குச் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம். நான்கு முறைக்கு 240. ஒவ்வொரு முறையும் அம்மையார் அவளது குறிப்பேட்டில் கூட்டுத்தொகையைத் தம் கையாலேயே எழுதினார். பிற்காலத்தில் வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தாலும் அவ்வெண்ணைக் கூறவேண்டும், மறத்தல் கூடாது என்றார். கூட்டல் கணக்கு ஓர் உயிரைக் காப்பதை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் இதயத்தை ஒலியலைகளால் படம் எடுத்தனர். இடப்பக்க அறையிலுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகின்றது என்று அதில் தெரியும். அவளுக்கு முதலில் 62, இறுதியில் 58. இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காக உண்ணும்படியும், நாளும் அரை மணி நேரம் நடக்கும்படியும் கூறினர்.

பழங்களை நிறுத்தவேண்டுமா என்று தங்கை அஞ்சிக் கேட்டாள். கொய்யாவும் நெல்லிக்காயும் வழக்கம்போல் உண்ணலாம், உணவில் வருவது வேறு, அட்டை அட்டையாகக் குளிகையில் வருவது வேறு என்றார் அம்மையார். எஞ்சியிருந்த குளிகைகளை நான் மருந்துக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் காரணம் கேட்டார். வேறு யாருக்கேனும் கீமோதெரபி நடக்கும்போது கேட்டால் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்தார். கேட்டாரா இல்லையா என்பது தெரியாது.

தங்கைக்கு இப்போது ஆண்டுக்கொரு முறை அந்த ஒலியலைப் படம் எடுக்கின்றனர். சென்ற முறை 59 என்று வந்தது. அடுத்த படம் தை மாதத்தில். குறிப்பேடு என்னிடந்தான் இருக்கின்றது. அதன் முதற்பக்கத்தில் 240 என்னும் எண்ணைச் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.